மூன்றாம் பெட்டிக் கதிரை

நடுவிரலால் அந்தப் பாதத்தைச் சுண்டினேன். என் பெருவிரல் அளவுதான் அது.

"மூச்சு விடுங்க மனே... விடுங்க..."

அசைவில்லை. மறுபடி சுண்டினேன். மொனிட்டரில் ஒட்சிசன் எண் அறுபதுக்குக் கீழே இறங்கியது. இன்னொரு சுண்டல். நெஞ்சு ஒருமுறை குழிந்து எழுந்தது. பிள்ளை முனகியது. அதன் பிறகுதான் நானும் மூச்சு விட்டேன்.

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப்போவதில்லை. ஆனால் அன்று அந்தக் கதிரையின் கீழே துடைத்தவள் நான்.

என் பெயர் வதனி. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், அங்கே குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில் தாதி. இன்குபேட்டரை நாங்கள் பெட்டி என்போம். மூன்றாம் பெட்டியில் கிடந்தது காத்தான்குடி நிஸ்றாவின் மகன். ஒரு கிலோவும் இல்லை. மூச்சு விட மறந்து மறந்து போகும். எங்கள் பிரிவில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது. தாயின் பெயரெழுதிய பட்டியைக் காலில் கட்டுவோம். அதே பெயர் தாயின் கைப்பட்டியிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவளைத் தொட விடுவோம்.

நிஸ்றாவுக்குச் சத்திரசிகிச்சைப் பிரசவம். மேல்மாடியில் கிடந்தாள். பிள்ளையை அவள் கண்டதில்லை. அவளை நான் கண்டதில்லை.

தாயின் கை பட்டால் இந்தப் பிள்ளைகள் மூச்சை மறப்பது குறையும். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அன்று பின்னேரம் முழுக்க மேல்மாடியோடு ஃபோனில் சண்டை பிடித்தேன்.

"காயம் ஆறல்ல மிஸ். நாளைக்கு இறக்குவம்."

"நாளைக்குப் புள்ள இருக்குமெண்டு எழுதித் தாறீங்களா? அந்தப் புள்ளைக்குக் கேக்க வாயில்ல. அதுதான் நான் கேக்கன். தாயை இறக்குங்க."

மூத்த தாதி கேதீஸ்வரி அக்கா சிரித்தார். "உன்ட வாய்க்குப் பயந்தே இறக்கப்போறாங்க, பாருகா."

லிப்ட்டில் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஃபோனை வைத்தேன்.

டப்.

கரண்ட் போனது. மாலை ஆறு நாற்பது. வெளியே கார்த்திகை மழை. ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மொனிட்டர்கள் கறுத்தன. கேதீஸ்வரி அக்கா முதலாம் பெட்டிக்கு ஓடி, மூச்சு மெஷின் நின்றுபோன பிள்ளைக்குக் காற்றுப் பையைக் கையால் அமுக்கத் தொடங்கினார். இனி அவர் அங்கிருந்து அசைய முடியாது.

நான் மூன்றாம் பெட்டியருகே. கையில் கைத்தொலைபேசி வெளிச்சம் மட்டும்.

கதவடியில் ஒரு பெண் நின்றாள்.

ஆஸ்பத்திரிச் சட்டை. தலையில் போட்ட துவாய் பாதி முகத்தை மறைத்திருந்தது.

"லிப்ட் நிண்டிருக்குமே. படியாலயா வந்தீங்க?"

அவள் பெட்டிகளைப் பார்த்தாள்.

"என்ட புள்ள..." என்றாள். மெல்லிய குரல்.

கைப்பட்டியைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பின்னேரம் முழுக்க நான் கேட்ட தாய், இதோ வந்துவிட்டாள். கையைப் பிடித்து, பெட்டியருகே கிடந்த கதிரையில் இருத்தினேன். கை சில்லிட்டிருந்தது. மழைக்குளிர் என்று நினைத்தேன்.

"மகள் என்னெண்டு இருக்கிறா மிஸ்?"

"மகள் இல்லம்மா. மகன்."

"பொம்புளப் புள்ள எண்டுதான் சொன்னாங்க..."

"மயக்கத்தில பிழையாக் கேட்டிருப்பீங்க. கையை உள்ளுக்கு வைங்க."

பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டாள். பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள்.

நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. ஒருதரமும் தவறவில்லை.

அப்போது நாலாம் பெட்டிப் பிள்ளை அழத் தொடங்கியது.

பிறந்ததிலிருந்து சத்தமே போடாத பிள்ளை அது.

அவள் தலை மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது.

"அது வேற ஆளுட புள்ளயம்மா. நீங்க உங்கட புள்ளயப் பாருங்க."

திரும்பிக்கொண்டாள். நான் சொன்னதற்காகத்தான் திரும்பினாள்.

சொட்... சொட்...

"கூரை ஒழுகுதா வதனி?" இருட்டுக்குள்ளிருந்து அக்கா கேட்டார்.

கூரை ஒழுகவில்லை. சத்தம் கதிரைக்குக் கீழே.

சொட்...

நாலாம் பெட்டி அழுதுகொண்டேயிருந்தது.

சொட்...

ஏழு பத்து. விளக்குகள் எரிந்தன.

கதிரை வெறுமை.

மூன்றாம் பெட்டிப் பிள்ளை சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கதிரையின் கீழே ஈரம். துணியால் துடைத்தேன். இளஞ்சூடு.

தண்ணீர் இல்லை. பால்.

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பெண், அழுது வீங்கிய முகம்.

"லிப்ட்டுக்குள்ள அடைபட்டுப் போனம் மிஸ். என்ட மகன் உசிரோட ஈக்கானா?"

கைப்பட்டியைப் பார்த்தேன். நிஸ்றா.

 பெட்டியைக் காட்டினேன்.

ஃபோன் அடித்தது. மேல்மாடி.

"மிஸ், தக்ஷாயினி எண்டு படுவான்கரைப் பக்கத்து ஆள். ஆறரைக்கே உயிர் போயிட்டு. கரண்ட் போனதால லைனும் வேலை செய்யல்ல, சொல்ல ஏலல்ல. புள்ளையக் காணாமலே போயிட்டா, பாவம். கண் முழிச்சதே ஒருக்காத்தான். என்ன புள்ள எண்டு கேட்டா... சொன்னம்."

"எந்தப் பெட்டி?" என்று கேட்டேன். தெரிந்தும் கேட்டேன்.

"நாலு."

திரும்பிப் பார்த்தேன். அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தது...

தக்ஷாயினியின் மகள்.