புழுவுக்கும் ஆகாத மாவு

எங்கள் தாராவிச் சந்தில் புழுப் பெட்டி வைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இட்லி விற்றுப் பிழைக்கிறவள். விடிந்ததும் என் வீட்டுக்காரர் அலுமினியத் தூக்கோடு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போவார். ‘அந்தச் சந்தில் புழு வளர்க்கிறார்களாம்’ என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், அத்தனை பேரும் அடுத்த இட்லிக்காரனிடம் போய்விடுவார்கள். வைத்த இடமோ, என் வாசலிலிருந்து நாலு எட்டு.

குப்பை அள்ளும் கச்ரா வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. அதனால் சந்துப் பெண்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்தது இது. பழைய சோறு, காய்த்தோல், மீன் கழிவு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டால் புழு தின்று தீர்க்கும். கொழுத்த புழு கோழிக்குத் தீனி, மிச்சம் உரம். பொறுப்பு எதிர்வீட்டுக்காரிக்கு. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

“இது மத்த ஈ மாதிரி இல்ல மைனி. புழுவா இருக்கையிலதான் தின்னும். ஈயா ஆயிட்டா சாப்பாட்டுப் பக்கமே வராது.”

“தின்னாத ஈயா? யாருட்டட்டி கதை விடுத?”

நாற்றம் வந்தால் நாலு பேரைக் கூட்டிச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மீன் தலை போட்ட பெட்டி நாறாமல் இருக்குமா? தினமும் எதையோ அள்ளித் தூவுகிறாளே, என்ன அது? அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். மரத்தூள். அப்படியும் மனசு ஆறவில்லை.

ஒருநாள் காலையில் என் வாசற்படியில் பழுப்பாக ஒரு புழு ஊர்ந்தது. போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. அவள் ஓடிவந்து வெறுங்கையால் எடுத்தாள்.

“மன்னிச்சிருங்க மைனி. முத்துன புழு காஞ்ச இடம் தேடி ஏறும். அதைப் பிடிக்கக் கீழ வச்ச பக்கெட் நகந்துட்டு.”

“இன்னைக்கு வாசப்படி. நாளைக்கு என் மாவுப் பானையா?”

மறுநாள் ரயிலில் விற்கிற, எறும்பைக் கொல்லும் விஷச் சாக்பீஸ் நாலு வாங்கினேன். வாசலில் கோடு கிழித்தால் ஏன் என்று கேட்பார்கள். கோலத்தை யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே எல்லோரும் கடையில் விற்கும் ரங்கோலிப் பொடியில்தான் போடுவார்கள். நான் மட்டும் அரிசி மாவில். எறும்பு தின்னட்டும் என்றுதான் எங்கள் வீட்டில் அப்படிப் போடுவது. அந்த மாவில் சாக்பீஸை இடித்துக் கலந்து, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் டப்பாவைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் கோலத்தின் மேல் எறும்புகள் செத்துக் கிடந்தன. சுருக்கென்றது. ஆனாலும் புழு வரவில்லையே என்று சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

நல்ல மழை பெய்த ஒரு காலையில் குழாயடியிலிருந்து குடத்தோடு உள்ளே வந்தேன். வீட்டுக்காரர் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஏளா, மாவு தண்ணியா கிடந்துச்சு. ரெண்டு கை அரிசி மாவு போட்டுக் கலக்கிட்டேன்.”

பக்கத்தில் கோல டப்பா திறந்து கிடந்தது. குடத்தைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தேன்.

“வாயில எதுவும் போட்டியளா? சொல்லுங்க! போட்டியளா?”

“இல்லளா. இன்னும் அடுப்புலயே ஏத்தலியே.”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் குழாயடியில் இன்னும் கொஞ்ச நேரம் வாயடித்துக்கொண்டு நின்றிருந்தால்? இட்லித் தூக்கு மாட்டுங்காவுக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அந்த இட்லியைத்தான் வாங்கும்.

தட்டில் ஊற்றியதையும் பானையில் வழித்துப் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டுக்காரி பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“என்ன மைனி, மாவு புளிச்சுப் போச்சா? குடுங்க, புழுவுக்குப் போடுதேன். மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிரும்.”

இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்திருந்தால் பெட்டியோடு புழு ஒழிந்திருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. இத்தனை நாள் நான் வேண்டிக்கொண்டதும் அதைத்தானே! ஆனால் பானை என் கையைவிட்டுப் போகவில்லை.

“வேண்டாம்ட்டி. இது புழுவுக்கு ஆகாது.”

ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மழையில் கரைந்து கிடந்த என் கோலத்தைப் பார்த்தாள். என் வீட்டுக்குள் காலியாக இருந்த தூக்கையும் பார்த்தாள்.

“யாரும் திங்கலியே மைனி?”

“இல்லட்டி.”

மாவைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, பெரிய ரோட்டுக் கச்ராத் தொட்டிவரை நானே சுமந்தேன். பானையையும் சேர்த்துத்தான் போட்டேன்.

தின்னாத ஈயை நான் இன்றும் முழுசாக நம்பவில்லை. இப்போது பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள். மற்றவர்கள் கொண்டுவருவதை அப்படியே வாங்கிக் கொட்டுகிறவள், நான் காய்த்தோல் கொண்டுபோனால் மட்டும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். பார்த்து முடிக்கும்வரை நான் கூடையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.