சிவப்பு ஐசிக்காரருக்கு முழு விலை

பெட்ரோல் விலை ஏறியதால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எழுபத்தொன்பது வயதில் கோவிலுக்கும் கிளினிக்குக்கும் தவிர நான் கார் எடுப்பதில்லை. தவிர, குடிமக்கள் தங்கள் அடையாள அட்டையான ஐசியைப் பம்பில் செருகினால் குறைந்த விலைக்குப் போடலாம் என்று ஏற்பாடு வந்துவிட்டது. என் ஐசி நீல நிறம். எதிர்வீட்டுக்காரருடையது சிவப்பு. இந்த மண்ணிலேயே பிறந்து அறுபது வயதை நெருங்கியும் அவர் நிரந்தரவாசிதான், குடிமகன் இல்லை. அவருக்கு முழு விலை.

அவர் குடிமகன் ஆகாமல் போனதற்கு நான் காரணம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன்.

நான் பாலோ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கும் தாளும் எழுதுபவனாக, இருந்தவன். அவருடைய அப்பா அங்கே பால் மரம் வெட்டினார். தோட்டத்தை விற்றபோது ஆட்கள் பலர் மாசாய்க்கு வந்தார்கள், நானும் வந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு பழைய வேன் வாங்கி, பாசிர் கூடாங்கில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கிப் பிழைத்துவந்தார். மாதக் கூலி முன்பே பேசியது. பெட்ரோல் ஏறிவிட்டதென்று அந்தப் பெண்களிடம் அதிகம் கேட்க முடியாது. அவர்கள் வீட்டிலும் எல்லாமே ஏறித்தான் இருந்தது.

புது ஏற்பாடு வந்த முதல் வாரம் ஒரு காலையில் பம்பில் அவருக்குப் பின்னால் என் கார் நின்றது. அவர் ஐசியைச் செருகினார், எடுத்தார், சட்டையில் துடைத்து மறுபடி செருகினார். வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் வெளியே வந்து சிவப்பு ஐசிக்கு முடியாது என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அலமாக், பாருங்க ஐயா. நான் யாருன்னு இந்த மிசினுக்குக்கூட தெரிஞ்சுபோச்சு லா."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட முடியவில்லை.

தோட்டத்தில் எந்தத் தாளானாலும் கிராணியிடம்தான் வரும். பிறப்புக் கடிதம், கல்யாணப் பதிவு, குடியுரிமை மனு எல்லாம் நான் எழுதி, அவர்கள் கைநாட்டு வைத்து, நானே தபாலில் சேர்ப்பேன். அவருடைய அப்பாவும் அப்படித்தான் வந்தார். மகனுக்கு அப்போது இருபது வயது. தகப்பன் குடியுரிமை வாங்கினால் இருபத்தொரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்கலாம். படிவம் எழுதிக் கொடுத்ததற்கு நன்றியாக ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முந்தின மாதம்தான் அவர், காலையில் ஆஜர் எடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும், நான் பேர் போடும்போது ஆட்களின் வேலை நாளை விட்டுவிடுகிறேன் என்று துரையிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம். இரண்டு வாரம் அலையட்டும் என்று படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. கேட்டபோதெல்லாம் "மேலே போயிருக்கு" என்றேன். பிறகு அனுப்பலாம் என்று எடுத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்ற கேள்வி வருமே என்று பயந்தேன். மகனுக்கு இருபத்தொன்று முடிந்தது. ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, கோலாலம்பூரில் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் "சரிங்க ஐயா" என்று போய்விட்டார். படிவத்தை அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு மகன் தானாகவே இரண்டு முறை மனுப் போட்டார். ஒன்றும் வரவில்லை.

பம்பில் நடந்ததற்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், இனி பெட்ரோல் போடும்போது என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். குறைந்த விலையில் மாதாமாதம் எனக்குள்ள பங்கு சும்மாதானே கிடக்கிறது.

"தப்பில்லையா ஐயா?"

"நானே வந்து செருகறேன். யார் கேக்கப் போறா?"

அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்து, "உங்க மாதிரி ஆளு இந்தக் காலத்துல ஏதுங்க" என்றாள். சூடாக இருந்தும் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வாரம் இரண்டு முறை வேனில் முன்னால் உட்கார்ந்து போனேன். செருகுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்ப்பேன். சட்டத்துக்குப் பயமா, அவர் என்னைப் பார்க்கும் பார்வைக்குப் பயமா, தெரியாது. ஏழாவது தடவையோ எட்டாவதோ, அதே கவுன்டர் பெண் கிட்டே வந்து, பெரியவர்களைக் கூப்பிடும் மலாய் முறையில் கேட்டாள்.

"பாக்சிக், வேன் உங்களுதா?"

"இல்லம்மா."

"அப்ப வேணாம் பாக்சிக். கேமரா இருக்கு. மாட்டினா எனக்கும் வேலை போயிடும்."

அவர் உடனே குழாயை மாட்டிவிட்டு, பாதி டேங்கோடு வண்டியை எடுத்தார். அந்த மாதக் கடைசியில், கூலியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று பெண்களிடம் சொன்னார். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னொரு வேன்காரரு பழைய கூலிக்கே வராரு" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அந்த வேன்காரரிடம் நீல ஐசி.

மிச்சம் நான்கு பேர். இன்னும் இரண்டு பேர் போனால் வேனை விற்க வேண்டியதுதான் என்று ஒரு மாலை தன் வீட்டில் என்னிடம் சொன்னார். இந்த வயதில் காவலாளி வேலைக்கும் நீல ஐசி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். அவர் புலம்பவில்லை, கணக்காகச் சொன்னார். நான் நாற்காலியில் இருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன்.

"என்னங்க ஐயா, மூச்சு வாங்குதா?"

அப்போது சொல்லிவிட்டேன். பிரட்டுக் களம், இழுப்பறை, பொய், அடுப்பு, எல்லாம். சேவலைக்கூட விடவில்லை.

அவர் கையிலிருந்த வேன் சாவியை மேசைமேல் வைத்தார். உள்ளே மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

"எங்கப்பா சாவற வரைக்கும் தீபாவளிக்கு மொதத் தட்டு உங்க வீட்டுக்குத்தானே குடுத்தனுப்பினாரு?"

"ஆமா."

"கிராணி நமக்காக அலைஞ்சாரு, அவுங்கதான் தள்ளிட்டாங்கன்னு சொல்லுவாரு. நானும் என் புள்ளைங்ககிட்ட அதையே சொல்லியிருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எழுதிக் குடுங்க. மலாய்ல. பதிவிலாகாவுல வந்து நீங்களே சொல்லணும்."

இரவல் வாங்கிய காகிதத்தில் எழுதுவதுபோல் தயங்கித் தயங்கி இரண்டு நாளில் எழுதினேன். படிவம் என் பொறுப்பில் இருந்தது, வேலைப் பளுவில் அனுப்ப மறந்தேன் என்று எழுதியிருந்தேன். அவர் வாசலில் நின்றபடியே படித்தார்.

"மறந்தீங்களா?"

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"கோவத்துல வச்சீங்க, பயத்துல எரிச்சீங்க. எங்கப்பாகிட்ட பொய் சொன்னீங்க. அது எங்க இருக்கு?"

"அதை எழுதினா கோவில் கமிட்டி, என் மகன் எல்லாருக்கும்…"

"தெரியட்டும் லா."

மறுபடி எழுதினேன். சத்தியப் பிரமாண அதிகாரி முன் கையெழுத்துப் போட்டபோது அந்த அதிகாரி தாளைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பதிவிலாகாவில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். இடையில் எதிர்வீட்டுக்காரர் எனக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். முகப்பில் இருந்த அதிகாரி தாளை வாங்கி முத்திரை வைத்தார். புது மனுவோடு சேர்த்துக்கொள்கிறோம், முடிவு நம் கையில் இல்லை, எத்தனை வருஷம் என்றும் சொல்ல முடியாது என்றார்.

திரும்பும் வழியில் அவர் பம்பில் வண்டியை நிறுத்தினார். என் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது.

"வேணாம்" என்றார்.

முழு விலை கொடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் என்னை இறக்கியபோது, என் மகனிடம் நான் சொல்வதா, அவர் சொல்வதா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

"இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள" என்றார்.

இன்று வெள்ளி. வேனில் இப்போது மூன்று பேர் போகிறார்கள். மகனுக்குப் போன் போட்டேன், ஒரு மணி அடித்ததுமே வைத்துவிட்டேன். அவன் திருப்பிக் கூப்பிடுகிறான்.