திருப்பி அனுப்பிய ஆறு எண்கள்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் என் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். முகம் பார்த்துப் பேச எனக்கு அவ்வளவாக வராது. போனில் பேசுவது அதைவிடக் கஷ்டம். வாட்ஸ்அப் வந்தபோது எனக்காகவே செய்தது போல் இருந்தது. பெண்கள் அளவை எண்களாக அனுப்புவார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு, சரிதானா என்று அதே எண்களைத் திருப்பி அனுப்புவேன். பல வருட வழக்கம் அது.

அந்த வழக்கத்தால்தான் மாட்டினேன். ஒரு மாலை, ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் வாடிக்கைக்காரர் ஒருவரிடமிருந்து மலாய் மொழியில் செய்தி வந்தது. அவருக்கு வரவேண்டிய ஆறு எண்கள் தவறி என் போனுக்கு வந்துவிட்டனவாம், அனுப்பச் சொன்னார். பார்த்தேன், வந்திருந்தன. யாருக்கும் சொல்லக் கூடாது என்று கீழே இருந்ததை நான் படிக்கவில்லை. எண்களை அனுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் திறக்கவில்லை. லைன் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஹேண்ட்போன் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் பார்த்தவுடன் கேட்டாள்.

"அக்கா, யாருக்காச்சும் நம்பர் அனுப்புனீங்களா?"

தலையாட்டி, ரவாங் வாடிக்கைக்காரர் கேட்டதைச் சொன்னேன்.

"ஐயோ, அது உங்க வாட்ஸ்அப்ப தொறக்குற நம்பர். வீட்டுச் சாவிய தூக்கிக் குடுத்துட்டீங்க லா. அந்தக் கஸ்டமர் கணக்கையும் இப்படித்தான் பிடிச்சிருப்பானுங்க."

புதிதாக வந்த எண்களைப் போட்டு, திருடனை வெளியேற்றினாள். ஆனால் அவன் தன் பங்குக்கு ஒரு ரகசியப் பின் நம்பர் போட்டு வைத்திருந்தான். நான் உள்ளே போக ஒரு வாரம் ஆகும் என்றாள்.

எனக்கு வேறு கவலை. ரவிக்கையைப் போட்டுப் பார்த்துப் பெண்கள் அனுப்பிய படங்கள்.

"பழசெல்லாம் உங்க போன்லதான் இருக்கு, அவனுக்குத் தெரியாது" என்றாள். "நேத்து சாயங்காலத்துல இருந்து புதுசா வந்திருந்தா, அது அவனுக்குப் போயிருக்கும்."

உலு யாமிலிருந்து வந்த கல்யாணப் பெண் ஒருத்தி, அளவு பார்க்க நூலோட்டம் மட்டும் போட்ட ரவிக்கையை முந்தின நாள்தான் எடுத்துப் போயிருந்தாள். போட்டுப் பார்த்துவிட்டுப் படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

"நீங்க பேசிச் சொல்றீங்களா?" என்று கடைக்காரப் பெண்ணைக் கேட்டேன்.

"என்னை யாருன்னு தெரியும் அவங்களுக்கு? உங்க வாயாலதான் சொல்லணும்."

பையிலிருந்த அளவு நோட்டில் அவள் போன் எண்ணைத் தேடி அழைத்தேன்.

"நான்... தைக்கிற ஆன்டி பேசுறேன்மா. படம் அனுப்பிட்டியா?"

"ஆன்டியா! போன்ல உங்க குரல இப்பதான் கேக்குறேன்." சிரித்தாள். "அனுப்பட்டுமான்னு கேட்டேன். சாயாங்னு கொஞ்சி, சீக்கிரம் அனுப்புன்னு மலாய்ல பதில் வந்துச்சு. நீங்க 'ம்'முக்கு மேல ஒரு வார்த்த எழுத மாட்டீங்களே, இது யாருடான்னு விட்டுட்டேன்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பெண் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

அந்த ஸ்டூலிலேயே இருந்து நோட்டில் உள்ள எல்லோரையும் அழைத்தேன். என் பெயரில் எந்த எண் கேட்டாலும் கொடுக்காதீர்கள், படம் அனுப்பாதீர்கள் என்றேன். ஒருத்தி திட்டினாள். ரவாங் வாடிக்கைக்காரர், தன்னால்தான் எனக்கு இப்படி ஆனதென்று அழுதார். அவரை நான் சமாதானப்படுத்தினேன். எனக்கே ஆச்சரியம்.

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப் திரும்பக் கிடைத்தது. இப்போது அதில் என்னுடைய பின் நம்பர் இருக்கிறது. அதை வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை.

கல்யாணப் பெண் படம் அனுப்பவில்லை. சனிக்கிழமை ரவிக்கையோடு நேரிலேயே வந்துவிட்டாள். கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கை கொஞ்சம் டைட்டா இருக்கு ஆன்டி."

'ம்' என்று வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"அரை இஞ்ச் பிரிச்சு விடுறேன்மா. மூச்சு விட்டுப் பாரு, இடுப்பு சரியா இருக்கா?"