குறைந்த எண் விழுந்தவன்

என் புருஷன் அன்செல்மோவுக்கு எங்கள் வீட்டுத் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷம். துடைப்பம் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஒருநாளும் இடம் மாறியதில்லை. ஆனால் இந்த நாட்டு இளசுகள் அத்தனை பேரையும் ஒரு வருஷம் பட்டாளத்தில் போட்டுப் பெருக்க விட வேண்டும் என்று தினமும் காலையில் மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொல்வான். எவனோ மோட்டார் சைக்கிள் திருடினான் என்று ரேடியோவில் வந்தால் போதும், "கொலிம்பா திரும்ப வரணும் கிழவி, அப்பதான் இதுங்க உருப்படும்" என்று ஆரம்பித்துவிடுவான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கட்டாய ராணுவச் சேவைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கொலிம்பா. எங்கள் மொழியில் ஓடு, துடை, பெருக்கு என்ற மூன்று சொற்களின் முதலசைகளை ஒட்டவைத்துச் செய்தது. அதை நிறுத்தி முப்பது வருஷமாகிறது. நிறுத்தியதிலிருந்துதான் ஊர் கெட்டுப்போனது என்று சொல்லும் ஆண்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர். அவர்களில் அதிகச் சத்தம் போடுகிறவன் என் வீட்டுக்காரன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த மனுஷன் பட்டாளத்துக்குப் போகவே இல்லை.

அந்தக் காலத்தில் லாட்டரி குலுக்கித்தான் ஆள் எடுப்பார்கள். அடையாள அட்டையின் கடைசி மூன்று இலக்கத்தை ரேடியோவில் படிப்பார்கள், பக்கத்திலேயே அதற்கு விழுந்த எண்ணையும் படிப்பார்கள். பெரிய எண் விழுந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். குறைந்த எண் விழுந்தால் வீட்டிலேயே இருக்கலாம். என் அண்ணன் நேஸ்தோருக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு விழுந்தது. அன்செல்மோவுக்குச் சைபர் இருபத்தேழு. அவன் அம்மா கன்னிமாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அவனோ ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை, ஏனென்றால் மற்ற பையன்கள் அவனை 'சின்னப் பாப்பா' என்று கூப்பிட்டார்கள்.

அப்போது அவன் என்னைச் சுற்றிவந்துகொண்டிருந்தான். நேஸ்தோர் விடுப்பில் வரும்போதெல்லாம் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு கதை கேட்பான். கர்னல் சம்சாரத்தின் சடை நாயை வெள்ளிக்கிழமைதோறும் வெந்நீரில் குளிப்பாட்டி, அதற்கு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று ஒரு கதை. தளபதி வருகிறார் என்று காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் பூசியது ஒரு கதை. கேப்டனின் தொப்பியைக் கோவேறு கழுதை தின்றது இன்னொன்று. நேஸ்தோர் சொன்னால் சாமி படம்கூடச் சிரித்துவிடும்.

கல்யாணமானதும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இந்த ஊருக்கு வந்து பஞ்சர் கடை போட்டோம். யாரையும் தெரியாது. முதல் வாரமே கிளப்பில் மூன்று பேர் அவனைத் த்ரூக்கோ சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள். ஒவ்வொருவனும் ஒரு கதை சொல்ல, இவன் முறை வந்தபோது சும்மா இருக்க முடியாமல் அந்தச் சடை நாயை அவிழ்த்துவிட்டான். "எங்க முகாம்ல" என்று ஆரம்பித்தானாம். வீட்டுக்கு வந்து அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் நேஸ்தோர் வந்தபோது போட்டுக்கொடுத்தேன். அண்ணன் கோபப்படுவான் என்று பார்த்தால், தோளைக் குலுக்கிவிட்டு, "அவனே வச்சுக்கட்டும் சுலேமா, எனக்கு வேணாம்" என்றான். அதோடு என் வாயும் அடைத்துவிட்டது. நாற்பது வருஷம் அந்தப் பொய்க்கு நானும் இறைச்சி வைத்த எம்பனாதா பொரித்துப்போட்டேன். நேஸ்தோர் இறந்து ஐந்து வருஷமாகிறது. அவன் கதைகள் மட்டும் என் புருஷன் வாயில் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. நாய் ஒன்று இரண்டாகிவிட்டது.

இந்த வருஷம் தலைநகரில் யாரோ கொலிம்பாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மசோதா எழுதினார்கள். ஆதரித்துக் கடிதம் அனுப்பலாமா என்று கேட்க எங்கள் ஊர் மன்றம் ஒரு சனிக்கிழமை காலை கூட்டம் போட்டது. போய் வந்தவர்கள் மேடையேறிப் பேசலாம் என்றார்கள். முதல் பெயராகப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான் என் வீட்டுக்காரன்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன். "சீட்டு மேசைல அளந்துவிடுறது வேற. அங்க நீ சொல்றத எழுதி வைப்பாங்க."

"நாப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கே நான் போன மாதிரிதான் இருக்கு."

"பிடிபட்டா அப்புறம் அந்தக் கிளப் பக்கம் போக முடியாது. அந்த மேசைய விட்டா உனக்கு யாரு இருக்கா?"

ஷூவுக்குப் பாலிஷ் போட்டான். பயந்துதான் இருந்தான், ஆனால் பெயரை எடுக்க மாட்டேன் என்றான். அந்தப் பிடிவாதத்துக்கு நான் என்ன செய்ய.

மன்றத்தில் நல்ல கூட்டம். சீட்டு மேசைக்காரர்கள் முன்வரிசை. அவர்களில் காச்சோ கால்தேயானோ கையில் ஒரு தாளோடு வந்திருந்தான், ஆதரித்துப் பேச. அவன் மனைவி இர்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்செல்மோ மேடையேறி நாயைக் குளிப்பாட்டினான், புல்லுக்குச் சாயமடித்தான். கூட்டம் குலுங்கியது. பட்டாளம்தான் தன்னை மனுஷனாக்கியது என்று முடித்தபோது கைதட்டினார்கள். எனக்கு அப்படியே எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

கூட்டத்தை நடத்தியது யானினா என்ற மன்ற உறுப்பினர், முப்பது வயதுகூட இருக்காது. குறும்பு ஒன்றுமில்லாமல், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அன்செல்மோ ஐயா, யாருக்கும் குலுக்கல் நம்பர் மட்டும் மறக்கவே மறக்காதுன்னு எங்கப்பா சொல்வார். உங்களுக்கு என்ன விழுந்துச்சு?"

"சைபர் ரெண்டு ஏழு" என்றான் என் புருஷன், கண்ணிமைக்காமல்.

உளறித் தொலைத்தான் அந்தக் கழுதை. ஏதாவது அறுநூற்றுச் சொச்சம் சொல்லியிருக்கலாம். அவன் வயதுக்காரர்களிடம் அதைக் கேட்டால் சொந்தப் பெயரைச் சொல்வதுபோல் உண்மைதான் வரும், பொய் வராது. முன்வரிசை வெடித்தது.

"சைபர் ரெண்டு ஏழா? டேய், அந்த நம்பருக்கு முகாம் வாசல்ல நின்னு எட்டிப்பாக்கக்கூட விட்டிருக்க மாட்டானே" என்றான் காச்சோ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏன் சிரிக்கிறார்கள் என்று யானினாவுக்குப் புரியவில்லை. அன்செல்மோவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது, மைக்கைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவன் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு நானும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். ஆனால் எழுந்துவிட்டேன். அது என் அண்ணன் கதை என்று சொன்னேன், இவன் சொன்னது பாதிதான் என்றும் சொன்னேன். மீதிப் பாதியை அண்ணன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான், அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தான். அதை அன்றைக்கு ஊர் முன்னால் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை அந்த நாய் நழுவி ஓடிவிட்டது. அதற்குத் தண்டனையாக நேஸ்தோரை வயல்வெளியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கையையும் காலையும் நாலு முளைகளில் இழுத்துக் கட்டினார்கள். எங்கள் நாட்டில் ஜூலைதான் கடுங்குளிர், மழைத் தூறல் வேறு, ஒரு பகல் முழுக்க. விடுப்பில் வந்தபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடவரவில்லை, விரல்கள் மரத்துப்போயிருந்தன. தினமும் காலையில் நான்தான் போட்டுவிட்டேன். அதே சட்டையோடு சமையலறையில் உட்கார்ந்து சடை நாய்க் கதையைச் சொல்லி இவனைச் சிரிக்கவைத்தான். நானும் அடுப்படியில் நின்று சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"இத என்கிட்ட சொல்லலயே அவன்" என்றான் அன்செல்மோ. மைக் இன்னும் கையில் இருந்தது, ஊருக்கே கேட்டது.

"நீ சிரிக்கத்தானே வந்து உக்காந்தே" என்றேன். "சிரிக்கிற மாதிரி சொன்னான்."

அவன் குறிப்பெழுதுகிறவரிடம் திரும்பி, தன் பெயரை அடித்துவிடச் சொன்னான்.

"நான் போகலை. எனக்குச் சைபர் இருபத்தேழு. போனவங்களக் கேளுங்க."

மேடையிலிருந்து இறங்கி, மேசைக்காரர்களோடு உட்காராமல் கடைசி வரிசைக்குப் போனான். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அடுத்த பெயர் காச்சோ. நாற்பது வருஷமாகக் கிளப்பில் இவனுக்குப் போட்டியாகக் கதை விட்டவன், கழுதை மாதிரிக் கத்திக் காட்டிக் கண்ணீர் வரச் சிரிக்கவைப்பவன். மேடையேறித் தாளைப் பிரித்தான். கண்ணாடியைப் போட்டான், கழற்றினான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு ரெண்டு தடவை" என்றான்.

யானினா அவன் நம்பரைப் பற்றிச் சொல்வதாக நினைத்து, ஐயா புரியவில்லையே என்றாள்.

"கட்டுனது" என்றான் காச்சோ. வலது கைச் சட்டை விளிம்பைக் கொஞ்சம் மேலே தள்ளினான், மணிக்கட்டைப் பார்த்தான், திரும்ப இறக்கிவிட்டுக்கொண்டான். முன்வரிசையில் மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருத்தனுக்கொருத்தன் நாய்க்கதையும் கழுதைக்கதையும் சொல்லி வயசாக்கிக்கொண்ட இந்த மூடர்களை அங்கேயே வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும் போல எனக்கு ஆத்திரம் பொங்கியது.

இர்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

"பந்து விளையாடறப்ப வேலிக்கம்பி கிழிச்ச தழும்புன்னு சொன்னான் சுலேமா" என்றாள். "நாப்பது வருஷமா அதுக்கு நான் எண்ணெய் தேச்சுவிடுறேன்."