வழி சொல்பவர் சீட்

நடந்தது உண்மை. நம்பாதவர்கள் என் விலா எலும்பின் எக்ஸ்ரேயைப் பார்க்கலாம். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டாத குறைதான். வெளியில் கேட்பவர்களிடம் மட்டும் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவைத்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் சம்பளத்தைக்கூட நம்பாத மாமனார், இதை மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டார்.

பழைய ராலி பந்தயக் கார்களின் பூர்வீகத்தைத் தோண்டுவது என் தொழில். பந்தயத்துக்கு இறக்கும் முன் கம்பெனிகள் சோதனைக்கென்று இரண்டு மூன்று வண்டிகள் மட்டும் செய்து பார்ப்பார்கள். அவை பிறகு என்ன ஆயின, இப்போது ஒருவர் காட்டுவது அசலா நகலா என்று சொல்வேன்.

அப்படி என்னைக் கூப்பிட்ட ஒரு பெரியவரிடம் இருந்தது, மூன்றே மூன்று செய்த மாடலில் மூன்றாவது என்றார். சோதனை ஓட்டத்தில் விபத்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னவர் சாவு, வண்டியை நசுக்கிப் போட்டாயிற்று. கம்பெனி சொன்ன கதை இது. ஓட்டியவர் பெயரை வெளியிடவே இல்லை. நான் அசல் என்று கையெழுத்துப் போட்டால், பெரியவர் அதைக் கண்காட்சியில் ஓட்டுவார். வழி சொல்லும் சீட்டில் அவருடைய மகள்.

பெரியவர் பரம சாது. நாயைக்கூட வாங்க போங்க என்பார். “நிதானமாப் பாத்துச் சொல்லுங்க தம்பி,” என்று சாவியைக் கையில் வைத்துவிட்டு வெளியூர் கிளம்பிவிட்டார்.

பட்டப்பகல். மதியம் இரண்டரை மணி. பேய்க்கெல்லாம் தோதான நேரமா அது?

ஷெட்டில் நானும் வண்டியும் மட்டும். எஞ்சினைக் கழற்றி மூலையில் ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். இதைக் கவனத்தில் வையுங்கள்... வண்டியில் எஞ்சின் இல்லை.

பாடி முழுக்கக் காந்தத்தை ஓட்டினேன். அடிபட்ட இடத்தில் பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாமல் நழுவும். எங்கும் நழுவவில்லை. ஒரு டிங்கரிங் இல்லை, ஒரு வெல்டிங் ஒட்டு இல்லை. எதிலும் மோதாத வண்டி. அப்படியானால் மூன்றாவது அல்ல. நகல். சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான், வண்டி உருண்டால் நசுங்காமலிருக்க உள்ளே போட்டிருந்த இரும்புக் கூண்டைப் பார்த்தேன். வழி சொல்பவர் பக்கத்துக் கம்பி மட்டும் வளைந்திருந்தது. வெளிப்பக்கமாக.

மோதியிருந்தால் கம்பி உள்ளேதானே வரும்...

வளைவு தலைக்கு நேராக வருகிறதா என்று பார்க்க அந்த சீட்டில் உட்கார்ந்தேன். பெல்ட்டை மாட்டினேன். ஓட்டுபவரோடு பேச அங்கே மாட்டியிருந்த ஹெட்போனையும் போட்டுக்கொண்டேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள கிறுக்கு இது. பழைய பொருள் என்றால் மாட்டிப் பார்க்காமல் கை சும்மா இருக்காது.

கிர்ர்ர்...

ஹெட்போனில் எஞ்சின் சத்தம்.

“சொல்லுங்க தம்பி. இடமா, வலமா?”

பெரியவர் எங்கிருந்தோ விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் குரலில் வயசே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஓட்டுபவர் சீட் காலி. அந்தப் பக்கத்து ஹெட்போன் ஒயர் அறுந்து தொங்கியது.

“எ... எதுங்க?”

மடேர்.

என் தலை கம்பியில் மோதியது. யாரோ முடியைக் கொத்தாகப் பிடித்து மோதியது போல. வாயெல்லாம் ரத்தம்.

“இடமா, வலமா?” அதே மரியாதை.

“வலம்!”

மடேர்.

“இடம்... இடம்...”

மடேர்.

பெல்ட் இறுகியது. விலாவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பூட்டைத் தேடிய என் விரல்களை, ஒவ்வொன்றாக, ஏதோ பின்னால் மடக்கியது.

மூச்சு இல்லை.

“தப்பாச் சொல்லிட்டீங்களே...”

ஷெட் கதவு திறந்தது.

பெரியவரின் மகள். கையில் தண்ணீர் ஜக்.

“வண்டி ஏன் அங்கிள் இப்படி ஆடுது?”

பெல்ட் தளர்ந்தது. ஒரு பல்லையும் துப்பிக்கொண்டு வெளியே விழுந்தேன், அரிசி மூட்டை விழுவது போல. மணி இரண்டு நாற்பது.

அந்தக் கம்பெனியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். எங்கே நிற்கிறேன் என்று சொல்லி, விபத்தில் வண்டிக்கு எந்தப் பக்கம் அடி என்று கேட்டேன்.

“விபத்தா?” என்றார். “அது எதுலயும் மோதலப்பா. வழி தப்பாச் சொன்னான்னு உள்ள வச்சே அடிச்சுக் கொன்னான். கம்பி வளையற வரைக்கும். கம்பெனி மூடி மறைச்சிருச்சு.”

ஓட்டியவரா என்றேன்.

“ஆமா. பாக்கச் சாது. அடிக்கறப்பக்கூட வாங்க போங்கன்னுதான் பேசினானாம்.”

அவரும் செத்துவிட்டாரா என்றேன்.

“அவன் எதுக்குச் சாகறான்? இப்ப யாரோட ஷெட்ல நிக்கிறேன்னு சொன்னியே... அவன்தான்.”

செத்தவர் குரல் என்றால் பேய் என்று சொல்லிவிடலாம். உயிரோடு இருப்பவர் குரலுக்கு என்ன பெயர்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிறகு ‘நகல்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். தொழிலில் நான் எழுதிய ஒரே பொய்.

போனை வைத்தபோது மகள் என் இடது காதுக்கு மேலே இருந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முடியை விலக்கிக் காட்டினாள்.

அதே இடம். பழைய தழும்பு.

வண்டி அங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்க அங்கிள்,” என்றாள். “எல்லாரும் நம்பிருவாங்க.”

எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லி, என் காரின் முன்கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் அந்த சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு, பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.