ஆட்டம் முடியுமுன் எழுதிய வெற்றி

எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் மாலை ஆறு மணிக்கு அச்சுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டங்களும் ஆறு மணியை ஒட்டித்தான் முடியும். அதனால் காலையிலேயே இரண்டு செய்தி எழுதி வாட்சாப்பில் அனுப்பிவிடுவேன். இந்த அணி வென்றால் ஒன்று, அந்த அணி வென்றால் ஒன்று. விசில் ஊதியதும் எதைப் போடுவது என்று போனில் சொல்வேன்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் நான். கபடியும் எழுதினேன், மேடை நாடகமும் எழுதினேன், மொழி விழாக்களைப் பற்றியும் எழுதினேன். யாராவது என் சான்றிதழைக் கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் பயப்படுவேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது.

அந்த ஞாயிறு உலு திராம் திடலில் பெண்கள் கபடி இறுதியாட்டம், நீல அணிக்கும் சிவப்பு அணிக்கும். ஒரே புள்ளியில் நீல அணி வென்றது. அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் என் வழக்கம் தெரியாத புதியவர்.

“அண்ணே, நீலம் ஜெயிச்சிருச்சு.”

“நீலமா? நீங்க அனுப்பினது சிவப்புதானே? ஒண்ணுதான் வந்துச்சு. அதான் முடிவுன்னு நெனச்சி ஏத்திட்டேன். பக்கம் போயிருச்சு லா.”

வாட்சாப்பைத் திறந்தேன். இரண்டாவது செய்தி போகாமல் அப்படியே நின்றது. காலையில் அதைப் பார்க்கவில்லை.

“திருத்தம் நாளன்னைக்குத்தான் போட முடியும். அந்தப் பொண்ணுங்க புகார் கொடுத்தா உங்கள என்னால காப்பாத்த முடியாது. இப்பவே போய்ச் சொல்லிடுங்க” என்றார் அவர்.

திடலோரக் கடையில் நீலச் சட்டைக்காரிகள் தே ஐஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வேலை நினைவுக்கு வந்தது. அணித் தலைவியிடம் போய் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

“அலமாக்! ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே நியூஸா? அண்ணன் ஜோசியம்லாம் பாப்பீங்களா?” பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

“எங்கம்மா நாளைக்குக் காலையில பேப்பர் வாங்கி ஃபேக்டரியில எல்லார்கிட்டயும் காட்டுவாங்க. நாங்க தோத்துட்டோம்னு போட்டிருந்தா?”

“தப்புதாம்மா. புகார் மட்டும்...”

“அத எங்கிட்ட கேக்காதீங்க. அம்மாகிட்டயே கேளுங்க.” தன் போனில் எண்ணை அழுத்தி என் காதில் வைத்தாள்.

மணி அடித்தது. எடுக்கக் கூடாதே என்று இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

“என்னடி, ஜெயிச்சீங்களா இல்லையா?”

“ஜெயிச்சிட்டாங்கம்மா. நான் பேப்பர்காரன் பேசறேன்.”

அந்தப் பக்கம் ஒரே கைதட்டல், கூச்சல். ஒரு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள் போல. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியது. “சொல்லுங்க தம்பி” என்றார் அந்த அம்மா.