எங்கள் வீட்டில் மோட்டார் கிடையாது

என் அண்ணன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தான் என்று நான் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். மதினியின் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, புது கிராபிக்ஸ் கார்டையும் கூடுதல் மெமரியையும் அவனே பொருத்தி, மூடி, சுவிட்சைப் போட்டான். ஓடியது. "பாத்தியா, உங்க அண்ணன் யாருன்னு?" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினான். மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் அது பொட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் முதல் திரையைக் காட்டிக்கொண்டு நின்றது.

வளைகாப்பு முடிந்து நான் திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. கீழே இருந்தால் அம்மா எதையாவது தின்னக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அதனால் மாடி அறையில், மதினியின் மேஜைக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலி போட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பேன். மதினி விரட்டியதில்லை.

மதினிக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். கல்யாணத்துக்கு முன்பு பழனியில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் எலிவேஷன் போட்டுக்கொண்டிருந்தவர். கட்டப்போகிற வீடு முகப்பிலிருந்து எப்படித் தெரியும் என்று வெயில், நிழல், வாசலில் நிற்கும் கார் வரைக்கும் போட்டுக் காட்டும் படம்தான் எலிவேஷன். எல்லாம் வரைந்த பிறகு கம்ப்யூட்டர் அதைக் கடைசியாக ஒருமுறை வேகவைத்து இறக்க வேண்டும். ரெண்டர் என்பார்கள். பழைய பெட்டியில் ஒரு படம் வேக ஒரு நாள் முழுக்க ஆகும். புதுக் கார்டு இருந்தால் அரைப் பகல் போதும். ஆனால் பாதியில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

இந்த முறை வந்திருந்தது மதினியின் சொந்தப் பெயரில் கிடைத்த முதல் வேலை. அகரம் பக்கம் ஒரு குடும்பம் வீடு கட்டுகிறது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூமி பூஜை, அன்றைக்கு மனையில் படம் ஃபிளெக்ஸாக நிற்க வேண்டும். நின்றால் அந்த வீட்டைக் கட்டும் இன்ஜினியரின் வேலையெல்லாம் இனி மதினிக்கு. இல்லையென்றால் மதுரையில் ஆள் இருக்கிறது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணன் கார்டு வாங்கிப் போட்டதே இதற்காகத்தான்.

இரண்டாம் தடவையும் அணைந்ததும் அண்ணனுக்குக் கை பரபரத்தது. கார்டைக் கழற்றினான், மெமரியைக் கழற்றினான், இடம் மாற்றினான், ஏதேதோ சாஃப்ட்வேரை அழித்தான், எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினான். மதினி அவன் முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

"ஏனுங்க, எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா, நல்லாப் போனாலும் எதுனால நல்லாச்சுன்னு தெரியாதுங்களே. ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்தலாமுங்க."

அதற்குப் பிறகு நான் பார்த்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். மதினி முதலில் புது மெமரியை மட்டும் எடுத்தார். அன்றைக்கு ரெண்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. "அப்பச் சரி, மெமரிதான். கடைக்காரன் மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு வாரேன்" என்று அண்ணன் சட்டையை மாட்டிவிட்டான். நானும் கூடப் போகத் தயார். வாய்ச்சண்டை என்றால் எனக்கு மாசமாவது ஒன்றாவது. மதினி மட்டும் அசையவில்லை. எடுத்த மெமரியைத் திரும்பப் போட்டு மறுநாளும் ஓட்டினார். அப்போதும் அணையவில்லை. "அது மேல தப்பில்லீங்க" என்றார். கையில் கிடைத்த குற்றவாளியை இப்படி விடுதலை செய்ய யாருக்கு மனசு வரும்? எனக்கு வந்திருக்காது.

பிறகு சூடு என்று சந்தேகம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தார். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் அணைந்தது. கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே பகல் முழுக்கச் சமர்த்தாக ஓடியது. அம்மா வீட்டில் அடம்பிடிக்கிற பிள்ளை அடுத்த வீட்டில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்குமே, அப்படி. மதினி அதற்கும் கோபப்படவில்லை. "அப்ப பெட்டில இல்லைங்க. நம்ம வீட்டுல இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மதினி அம்மாவிடம் கேட்டார். "அத்தை, மேல பெட்டி ஓடறப்பக் கீழ என்னென்ன ஓடுதுங்க?"

"என்னத்தா ஓடுது? பிரிட்ஜு, டிவி, மிக்சி, கிரைண்டரு. அம்புட்டுத்தான்" என்றாள் அம்மா.

மதினி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரெண்டர் ஓடும்போது வெறும் கிரைண்டரைச் சுற்றவிடுவதும் மிக்சியை அலறவிடுவதும் என் வேலை. ஒன்றும் ஆகவில்லை.

இங்கே எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தூர் அணைத் தண்ணீர் எங்கள் குழாய்க்கு என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வாரத்தில் இரண்டு முறை வந்தாலும் வரும், பத்து நாள் ஆனாலும் ஆகும். வந்தால் செத்த நேரம்தான். குழாயில் நேராக மோட்டாரை மாட்டி இழுப்பது குற்றம், பிடித்தால் மோட்டார் போய்விடும். ஆகவே எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் மோட்டார் கிடையாது. எல்லா வீட்டிலும் குழாயடியில் ஒரு அண்டா கவிழ்த்து வைத்திருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அம்மாவின் கணக்கிலிருந்தே அந்த மோட்டார் விடுபட்டுப் போயிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கும் அண்ணனுக்குமே அது நினைவில் வரவில்லை.

பூஜை வாரம், திங்கட்கிழமை மதியம். ரெண்டர் பாதி தாண்டிவிட்டது. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஒரு கணம் தளர்ந்தது, டியூப்லைட் கண் சிமிட்டியது, திரை அணைந்தது. நான் திரையைப் பார்த்துத் திட்டினேன். மதினி அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏலே, தண்ணி வந்துருச்சு!" அதோடு சேர்ந்து, இல்லாத மோட்டாரின் உறுமல்.

மதினி சிரித்தார். அத்தனை நாள் உழைப்பும் வீணாகிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் சிரித்ததை நான் மறக்கவே மாட்டேன். காரணம் கிடைத்த சந்தோஷம் அது.

எனக்கோ ரத்தம் கொதித்தது. கீழே போய் அம்மாவை ஒரு பிடி பிடிக்கலாம் என்று எழுந்தேன். மதினி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அத்தை மேல தப்பில்லீங்க. மோட்டர் எப்பவும் ஓடிட்டுத்தான இருந்துச்சு. புதுக் கார்டு நெறையாக் கரண்ட் கேக்குது, பெட்டிக்குள்ள கரண்ட் குடுக்கற இந்தப் பழைய பவர் சப்ளையால அத ஈடுகட்ட முடியல. நம்ம லைன்ல மோட்டர் இழுக்கறப்ப மயங்கி விழுந்துருதுங்க."

பக்கத்திலிருந்த யூ.பி.எஸ்.ஸின் பேட்டரி செத்து எத்தனையோ காலம். அதை நாங்கள் வெறும் பிளக் பாயின்டாகத்தான் வைத்திருந்தோம். புது பேட்டரி போட்டாலும் இந்தக் கார்டை அது தாங்காது. கேட்ட அளவில் புது பவர் சப்ளை உள்ளூரில் இல்லை, மதுரையிலிருந்து சனிக்கிழமைதான் வரும் என்றார்கள். பூஜையோ வெள்ளிக்கிழமை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மதினி அம்மாவிடம் நேராகவே சொன்னார், என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம வீட்டுல ஏதும்மா மோட்டரு?" என்றாள்.

அண்ணன் வாய் திறக்கப் போனான். மதினி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்க அத்தை. தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சுக்கப் பாக்கறேனுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மோட்டாரைப் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் வீடு என்ன பாடு படும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசித் திருத்தங்கள் வந்து சேரவே புதன்கிழமை ஆகிவிட்டது. வியாழக்கிழமை விடிந்ததும் மதினி ரெண்டரை ஓடவிட்டார். சாயங்காலத்துக்குள் ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு தடவை ஓட்ட நேரம் கிடையாது. முக்கால்வாசி முடிந்திருந்தபோது, கீழே குழாய் காற்றைத் துப்பும் சத்தம் கேட்டது. தண்ணீர் வருகிறது. மதினி அசையாமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினேன்.

அம்மா குழாயடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்டா கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது. தெரு முழுக்க அண்டாக்களுக்கு அடியில் மோட்டார்கள் இழுத்துக்கொண்டிருந்ததால் எங்கள் குழாயில் நூல்போலத்தான் ஒழுகியது. அதைச் சொம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாசமா இருக்குறவ இப்படியா ஓடியாருவ? கத்தாத. மேல ஓடிக்கிட்டிருக்குல்ல" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து குடத்தைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஃபேன் தளர்ந்திருக்காது.

படம் முடிந்ததும் மதினி இறங்கி ஓடிவந்தார். அரைக் குடத்தையும் அண்டாவையும் பார்த்தார். அண்டாவை எடுத்து நகர்த்திவிட்டு மோட்டாரைப் போட்டார். அதற்குள் தண்ணீர் நின்றுபோயிருந்தது. மோட்டார் காற்றைத்தான் இழுத்தது.

"விடு தாயி. அடுத்த தண்ணிக்குப் பாத்துக்குவோம்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மனையில் படம் நின்றது. இன்ஜினியர் அங்கேயே அடுத்த வீட்டின் பிளானை மதினி கையில் கொடுத்தார். சனிக்கிழமை பவர் சப்ளை வந்தது, மதினியே பொருத்தினார். இனி எத்தனை மோட்டார் ஓடினாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்த தண்ணீர் வந்த அன்றைக்கு நாங்கள் மாடியில் இருந்தோம். ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அம்மா கத்தினாள்.

"ஏம்மா, மோட்டரப் போடவா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எங்கள் தெருவில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்று மதினி ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. ஜன்னலுக்குப் போய், அதே அளவுக்குச் சத்தமாகப் பதில் கொடுத்தார்.

"போடுங்க அத்தை!"